கோமோவா, மாந்தோவாவா? அம்மாவோடு போறோம், போனவங்க சொல்லுங்களேன்

#1 வெயில்காலம்

எல்லாருக்கும் வணக்கம். ஜூலை கடைசி வாரம் வடக்கு இத்தாலி போறோம். நான், வீட்டுக்காரர், அம்மா. அம்மாவுக்கு 67 வயசு, முட்டி வலி உண்டு, ஆனா "என்னால நடக்க முடியும்"னு அடம் பிடிப்பாங்க. வெரோனாவில் தங்கல், அப்புறம் வெனிஸ். நடுவுல ரெண்டு நாள் காலியா இருக்கு.

வீட்டுக்காரர் கோமோ ஏரின்னு ஒத்தக் கால்ல நிக்கிறார். எனக்கு மாந்தோவா போகணும் (ஆங்கிலத்துல மாண்டுவான்னு சொல்வாங்களே, அதே ஊர்). மூணு ஏரிக்கு நடுவுல ஒரு பழைய ஊர், கொன்சாகாங்கற குடும்பத்தோட அரண்மனை, 2008ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்துச்சு. எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான். ஒரு படத்துல அந்த ஊர் தண்ணி மேல மிதக்கற மாதிரி தெரிஞ்சது, அதுலயே மனசு போயிடுச்சு.

ஒரு நாள் போதுமா? அம்மாவால முடியுமா? அம்மா சைவம், கேக்ல முட்டை இருந்தா கண்டுக்க மாட்டாங்க.

#2 ரயில்வண்டி

வெரோனா போர்த்தா நுவோவா நிலையத்திலிருந்து நேர் ரயில் இருக்கு, முக்கால் மணி நேரம் சொச்சம் ஆகும். பிராந்திய ரயில், இருக்கை எண் கிடையாது, ஒரு மாசம் முன்னாடி வாங்கினாலும் அன்னிக்கே வாங்கினாலும் ஒரே விலை. காகித டிக்கெட் வாங்கினா ஏறும் முன்னாடி நடைமேடையில இருக்கற சின்ன இயந்திரத்துல விட்டு முத்திரை குத்திக்கோங்க. மறந்தா அபராதம், "தெரியாது சார்" எல்லாம் அங்க எடுபடாது.

கோமோவுக்கு வெரோனாவிலிருந்து போகணும்னா மிலான் போய் மாறணும். போக வர அரை நாள் ரயில்லயே கரைஞ்சிடும். வீட்டுக்காரருக்கு ஏரிதான் வேணும்னா பெஸ்கியேரா போங்க. கார்தா ஏரிக்கரை, வெரோனாவிலிருந்து கால் மணி நேரம். ஒரு நாள் அவருக்கு, ஒரு நாள் உங்களுக்கு. சண்டை தீர்ந்தது.

#3 ஊர்சுற்றி72

நான் போயிருக்கேன். நேர்மையா சொல்றேன், எனக்குப் பிடிக்கல. ஆகஸ்ட் மாசம், பகல்ல தெருவுல ஒரு ஈ காக்கா இல்ல, கடையெல்லாம் மத்தியானம் சாத்திட்டாங்க. அரண்மனை வாசலுக்குப் போனா அன்னிக்கு விடுமுறை. ஏரின்னு சொல்றாங்க, கிட்டப் போனா நாணலும் சேறும் கொசுவும். மலை இல்ல, நீலத் தண்ணி இல்ல. சாயங்காலம் வரைக்கும் ஒரு சதுக்கத்துல உக்காந்து காபி குடிச்சிட்டு அடுத்த ரயில்ல திரும்பிட்டோம். கோமோ போங்க. வீட்டுக்காரர் சொல்றதுல தப்பில்ல.

#4 சுண்ணச்சுவர்

ஊர்சுற்றி சார், திங்கட்கிழமை போனீங்களா?

#5 ஊர்சுற்றி72

ஆமா. அதுக்கென்ன?

#6 சுண்ணச்சுவர்

திங்கட்கிழமை அந்த அரண்மனைக்கு, அதாவது பலாட்சோ துகாலேக்கு, வார விடுமுறை. அதாவது கல்யாண வீட்டுக்குப் போய் மாப்பிள்ளையையும் பார்க்காம, பந்தியிலயும் உக்காராம, பந்தலை மட்டும் பார்த்துட்டு வந்திருக்கீங்க 🙂

#7 மதகடி

பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். எந்த ஊருக்குப் போனாலும் கோபுரத்துக்கு முன்னால் கரையும் மதகும்தான் கண்ணில் படும். அதனால் சேறு, நாணல் என்று ஊர்சுற்றி சொன்னதற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

அந்த ஏரிகள் இயற்கையானவை அல்ல. கார்தா ஏரியிலிருந்து பெஸ்கியேராவில் கிளம்பும் மின்ச்சோ ஆறு, மாந்தோவாவைச் சுற்றி வளைந்து, கடைசியில் போ ஆற்றில் சேர்கிறது. வளைவு முழுக்கச் சதுப்பு நிலம். 1190 வாக்கில் ஆல்பெர்த்தோ பித்தென்தீனோ என்ற பொறியாளர் ஆற்றைத் தடுத்துக் கரை போட்டு நான்கு ஏரிகளாகத் தேக்கினார். வெள்ளமும் அடங்கியது, எதிரியும் எளிதில் நெருங்க முடியாது என்றானது. ஊர் தீவாகிவிட்டது. தெற்கில் இருந்த நான்காவது ஏரியான பயோலோவை 18ஆம் நூற்றாண்டில் வற்றவைத்துவிட்டார்கள். மிச்சம் மூன்று. பெயரைப் பாருங்கள்: சுப்பெரியோரே, மெத்சோ, இன்ஃபெரியோரே. மேல் ஏரி, நடு ஏரி, கீழ் ஏரி. நம்மவர்கள் வைத்த பெயர் போலவே இருக்கிறது!

மேல் ஏரியின் நீர்மட்டம் மற்ற இரண்டையும் விட உயரம். அந்த மட்ட வித்தியாசம்தான் ஊருக்குச் சோறு போட்டது. மேல் ஏரிக்கும் நடு ஏரிக்கும் இடையில் உள்ள பாலத்துக்கு ‘ஆலைப் பாலம்’ என்று பெயர். அது பாலமும் அணையும் ஒன்றான கட்டுமானம். அதன் மேல் வரிசையாகப் பன்னிரண்டு மாவு ஆலைகள் இருந்தன, ஒவ்வொன்றுக்கும் இயேசுவின் சீடர் ஒருவர் பெயர். இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் அழிந்தன. கரை மட்டும் நிற்கிறது.

வெயில்காலம் அவர்களுக்கு: வெரோனாவிலிருந்து வரும் உங்கள் ரயில் அந்தக் கரை மேல்தான் வரும். வலது பக்கம் மேல் ஏரி, இடது பக்கம் நடு ஏரி. அம்மாவுக்கு ஜன்னலோர இடம் பிடித்துக் கொடுங்கள்.

#8 வெயில்காலம்

மதகடி ஐயா, ரொம்ப நன்றி. கார்தா தண்ணிதான் மாந்தோவாவுக்கும் வருதுன்னு தெரியாம ரெண்டையும் எதிர் எதிரா வச்சு சண்டை போட்டுட்டு இருந்திருக்கோம். வீட்டுக்காரர்கிட்ட "முதல் நாள் தண்ணி கிளம்பற இடம், ரெண்டாம் நாள் அது போய்ச் சேர்ற இடம்"னு சொன்னேன். ஒத்துக்கிட்டார். ஒரே நாள்தான் கிடைச்சிருக்கு, அதுல என்னென்ன பார்க்கலாம்?

#9 சுண்ணச்சுவர்

ஒரே நாள் என்றால் பட்டியல் போடாதீர்கள். இரண்டு அறை. மற்றதெல்லாம் போகிற வழி.

முதல் அறை சான் ஜோர்ஜோ கோட்டையின் ஒரு கோபுரத்துக்குள் இருக்கிறது. பலாட்சோ துகாலே அரண்மனையின் ஏரிக்கரை மூலைதான் அந்தக் கோட்டை. அறைக்கு ‘கமெரா பிக்தா’ என்று பெயர், ‘தம்பதியர் அறை’ என்றும் சொல்வார்கள். நீளம் அகலம் எட்டு மீட்டருக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். லுதோவிகோ கொன்சாகாவின் அரசவை ஓவியராக வந்த ஆந்திரேயா மாந்தேஞா 1465இல் தொடங்கி 1474இல் முடித்தார். சின்ன அறைக்கு ஒன்பது வருஷம். தொடங்கிய தேதியை ஜன்னலோரத்தில் யாரோ கீறி வைத்தது போலவே தீட்டியிருக்கிறார்.

ஒரு சுவரில் குடும்பம் உட்கார்ந்திருக்கிறது. கையில் கடிதத்தோடு லுதோவிகோ, பக்கத்தில் மனைவி பார்பரா, சுற்றிலும் பிள்ளைகள், ஊழியர்கள். நாற்காலிக்கு அடியில் ஒரு நாய் படுத்திருக்கிறது, ரூபீனோ என்று பெயர். யாரும் அழகுபடுத்தப்படவில்லை. இரட்டை நாடி இரட்டை நாடியாக, மூக்கு மூக்காக. இன்னொரு சுவரில் கார்டினல் ஆன மகனை அப்பா சந்திக்கிறார். தீட்டிய தூண் ஒன்றின் இலைக்கொத்துக்குள் ஓவியர் தன் முகத்தையே ஒளித்து வைத்திருக்கிறார். தேடிக் கண்டுபிடியுங்கள், எந்தத் தூண் என்று நான் சொல்ல மாட்டேன்.

அப்புறம் தலையை நிமிர்த்துங்கள். கூரையில் வட்டமாக ஒரு ஓட்டை, அதற்கு மேல் வானம், மேகம். ஓட்டை விளிம்பில் பெண்கள் எட்டிப் பார்த்துச் சிரிக்கிறார்கள், ஒரு மயில் நிற்கிறது, இறக்கை முளைத்த குழந்தைகள் கைப்பிடிச் சுவரில் தொற்றிக்கொண்டிருக்கின்றன. ஒரு செடித்தொட்டி, ஒற்றைக் கம்பைத் தாங்கலாக வைத்து, நேராக உங்கள் தலைக்கு மேல். அந்தப் பெண்களில் ஒருத்தி அந்தக் கம்பை உருவினால் போச்சு. கூரை கிட்டத்தட்டத் தட்டை. ஓட்டையும் இல்லை, வானமும் இல்லை.

2012 மே மாத நிலநடுக்கத்துக்குப் பிறகு அறையை மூடி, 2015 ஏப்ரலில்தான் திறந்தார்கள். ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று கணக்கு உண்டு, உள்ளே நிற்கும் நேரமும் கொஞ்சம்தான். அதனால் முன்பதிவு. இதை நான் மூன்று முறை எழுதியதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது அறையைப் பற்றி ராத்திரி எழுதுகிறேன், வேலைக்கு நேரமாச்சு.

#10 பழையநாணயம்

சுண்ணச்சுவர் அழகா எழுதறார், ஆனா பாதிக் கதையைத்தான் சொல்றார். பலாட்சோ துகாலே ஒரு காலி வீடு. 500 அறைக்கு மேல இருக்கு, உள்ள என்ன இருக்கு? கொன்சாகா குடும்பம் கடன்ல மூழ்கி 1627 வாக்குல தங்களோட படத் தொகுப்பை இங்கிலாந்து அரசர் முதலாம் சார்லஸுக்கு விக்க ஆரம்பிச்சாங்க. மாந்தேஞா வரைஞ்ச ‘சீசரின் வெற்றி ஊர்வலம்’, ஒன்பது பெரிய துணி ஓவியம், இன்னிக்கு லண்டனுக்குப் பக்கத்துல ஹாம்ப்டன் கோர்ட்ல தொங்குது. கொன்சாகா வீட்டு மருமகள் இசபெல்லா தெஸ்தே தன் தனியறைக்குன்னு பார்த்துப் பார்த்து வரைய வச்ச படங்கள் பாரிஸ்ல, லூவ்ர்ல. வித்து முடிக்கறதுக்குள்ள 1630ல புனித ரோமப் பேரரசரோட படை உள்ள புகுந்து மிச்சத்தையும் சூறையாடுச்சு, கூடவே கொள்ளைநோய். ரூபென்ஸ் வரைஞ்ச பெரிய பலிபீடப் படத்தை நெப்போலியன் காலத்துல துண்டு துண்டா வெட்டினாங்க. ஒட்டினது போக மிச்சத் துண்டு எங்கெங்கேயோ கிடக்கு.

மாந்தோவாவோட கலையைப் பார்க்கணும்னா லண்டனும் பாரிஸும் போங்க. இது என் கருத்து.

#11 சுண்ணச்சுவர்

பழையநாணயம், நீங்க சொன்ன தகவல் எல்லாமே சரி. முடிவுதான் தலைகீழ்.

சுருட்ட முடிந்தது, கழற்ற முடிந்தது, வண்டியில் ஏற்ற முடிந்தது எல்லாம் போய்விட்டது. சுவர் மட்டும் போகவில்லை, ஏனென்றால் சுவரைத் தூக்க முடியாது. மாந்தோவாவில் இன்றைக்கு இருப்பது முழுக்க முழுக்க வேறெங்கும் பார்க்க முடியாதது. லூவ்ரில் இருக்கும் படத்தைப் பார்க்கும்போது அது எந்த ஜன்னல் வெளிச்சத்துக்காக வரையப்பட்டது என்று உங்களுக்குத் தெரியாது. இங்கே ஜன்னல் அங்கேயே இருக்கிறது. மாந்தேஞா தீட்டிய நிழல் எல்லாம் அந்த ஜன்னலைப் பார்த்து விழுகிறது.

இன்னொன்று. பிசனெல்லோ தீட்டிய வீரர் போர்க் காட்சி ஒன்று அதே அரண்மனையில் பூச்சுக்கு அடியில் நூற்றாண்டுக் கணக்கில் மறைந்து கிடந்தது. 1960களில்தான் சுரண்டி எடுத்தார்கள். முடிக்காமல் விட்ட வேலை, அடியில் போட்ட கோட்டுச் சித்திரம் அப்படியே தெரியும். விற்கிறவனுக்கும் கொள்ளையடிக்கிறவனுக்கும் தெரியாமலே தப்பித்த ஓவியம் அது.

#12 பழையநாணயம்

சரி, "சுவரைத் தூக்க முடியாது" நல்லா இருக்கு. அரை மனசோட ஏத்துக்கறேன். ஆனா காலி அறைகள்ல ரெண்டு மணி நேரம் நடந்தா வயசானவங்களுக்கு வெறுத்துப் போயிடும், அதையும் சொல்லிடுங்க.

#13 சுண்ணச்சுவர்

அது நியாயம். கோட்டைப் பகுதியை முதலில் முடியுங்கள். அப்புறம் கால் இருந்தால் மற்றது. ரூபென்ஸை மட்டும் விடாதீர்கள். வெட்டுத் தழும்போடு நிற்கிற படம், பார்க்கப் பாவமாக இருக்கும்.

இரண்டாவது அறை. ஊரின் தெற்கு விளிம்பில் பலாட்சோ தே. லுதோவிகோவின் கொள்ளுப்பேரன் ஃபெதெரிகோ குதிரைகள் வளர்த்த இடத்தில் கட்டிய உல்லாச மாளிகை. ஓவியர் ரஃபேலின் சீடர் ஜூலியோ ரொமானோவை ரோமிலிருந்து வரவழைத்து 1525 முதல் பத்து வருஷம் வேலை நடந்தது. குதிரை மேல் எவ்வளவு பிரியம் என்றால் ஒரு பெரிய மண்டபம் முழுக்க ஆளுயர, அதாவது குதிரையுயர, ஓவியங்கள்தான். மன்னர்கள் படம் மாட்டுகிற இடத்தில் ஆறு குதிரைகள். பேரரசர் ஐந்தாம் சார்லஸ் 1530இல் ஊருக்கு வந்து ஃபெதெரிகோவுக்கு டியூக் பட்டம் கொடுத்தார். இந்த மாளிகையில்தான் உபசாரம்.

அந்த மண்டபத்தில் நின்றுவிடாமல் ராட்சதர் அறைக்குப் போங்கள். சுவர் எங்கே முடிகிறது, கூரை எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க முடியாது, மூலைகளை மழுங்கடித்திருக்கிறார்கள். மேலே ரோமர்களின் தலைமைக் கடவுள் ஜூப்பிட்டர் இடி வீசுகிறார், கீழே மலையும் தூணும் ராட்சதர் மேல் இடிந்து விழுகின்றன, நீங்கள் நடுவில். முதலில் சிரிப்பு வரும். கொஞ்சம் நேரம் நின்றால் கழுத்தைச் சுருக்கிக்கொள்வீர்கள். கீழ்ப் பகுதியில் நூற்றாண்டுகளாக வந்தவர்கள் பெயரைக் கீறி வைத்திருக்கிறார்கள். கோயில் சுவரில் "ரமேஷ் ♥ சுதா" எழுதுகிற பழக்கம் நம் ஊர்ச் சொத்து மட்டுமல்ல.

முற்றத்தில் நின்று மேலே ஓடும் கல் வரிசையைப் பாருங்கள். நடுநடுவே ஒரு கல் மட்டும் நழுவிக் கீழே இறங்கியிருக்கும். கட்டடம் பழுது என்று நினைக்காதீர்கள், ஜூலியோ வேண்டுமென்றே நழுவவிட்ட கல். அதைவிட வேடிக்கை, அது கல்லே இல்லை. மாந்தோவாவில் கல் குவாரி கிடையாது. செங்கல் அடுக்கி, மேலே சுண்ணச் சாந்து பூசி, முரட்டுக் கல்லாகச் செதுக்கியிருக்கிறார்கள்.

என் பெயருக்கான காரணம் இப்போது புரிந்திருக்கும்.

#14 மதகடி

ஏரி கரை போட்டது, வானம் சாயம் போட்டது, கல் சாந்து போட்டது. ஊரே ஒரு ஒப்பனை!

#15 தயிர்சாதம்

சாப்பாடு பத்தி யாரும் பேசலையே. சைவம்னு சொன்னதால எழுதறேன்.

அம்மாவுக்கு ‘தோர்த்தெல்லி தி சூக்கா’ வாங்கிக் குடுங்க. பரங்கிக்காய் பூரணம் வச்ச பாஸ்தா. கூடவே அமரெத்தி பிஸ்கட் தூள், சீஸ், மொஸ்தார்தான்னு கடுகு காரம் ஏத்தின பழப் பாகு. இனிப்பும் காரமும் சேர்ந்து வரும், கிட்டத்தட்ட நம்ம மாங்காய்ப் பச்சடி குணம். மேல வெண்ணெயும் சேஜ் இலையும் போட்டதைக் கேளுங்க. சில இடத்துல பன்றி இறைச்சி போட்ட குழம்பு ஊத்தித் தருவாங்க, முன்னாடியே "சென்ச்சா கார்னே"ன்னு சொல்லிடுங்க, இறைச்சி வேண்டாம்னு அர்த்தம்.

‘ரிசோத்தோ அல்லா பிலோத்தா’ன்னு பார்த்தா அரிசிச் சோறுதானேன்னு தாவாதீங்க, உள்ள பன்றி இறைச்சி. ‘லூச்சோ’ன்னா ஏரி மீன். ‘ஸ்த்ராகோத்தோ தாசினோ’ன்னா கழுதைக் கறி, ஆமா, கழுதைதான்.

ஸ்ப்ரிசொலோனாங்கற பாதாம் கேக்கைக் கத்தியால வெட்டக் கூடாது, கையால உடைச்சுத் திங்கணும். பழைய செய்முறையில பன்றிக் கொழுப்பு உண்டு, இப்போ வெறும் வெண்ணெயிலயும் செய்யறாங்க. கேட்டு வாங்குங்க. சீஸுக்குப் பால் உறைய வைக்கப் போடற கன்னுக்குட்டி வயித்து உறை விஷயத்துல அம்மா கறாரா இருந்தா கிரானா பதானோ சீஸ் கூட ஆகாது, பாஸ்தா உள்ளயே அது இருக்கும். அவங்ககிட்ட சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம்.

#16 ரயில்வண்டி

நடையைப் பத்தி ஒரு எச்சரிக்கை. பழைய ஊர்த் தெருவெல்லாம் ஆத்துக் கூழாங்கல் பாவினது. நாலு மணி நேரம் நடந்தா நல்ல முட்டியே அழும். தடிமனான அடிப்பாகம் உள்ள செருப்பு முக்கியம். பலாட்சோ துகாலே ஊரோட ஒரு முனை, பலாட்சோ தே எதிர் முனை. நடுவுல ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல. டாக்சியோ நகரப் பேருந்தோ பிடிச்சுப் போங்க, நடந்து கௌரவம் தேட வேண்டாம்.

நடுவழியில சாந்த் ஆந்திரேயா கோயில். ஆல்பெர்த்தி வரைபடம் போட்டது, 1472ல வேலை ஆரம்பம், அதே வருஷம் அவர் காலமாயிட்டார். குவிமாடம் 18ஆம் நூற்றாண்டுல யுவாரா வடிவமைச்சது. உள்ள நுழைஞ்சதும் இடது பக்கம் முதல் சிற்றாலயம் மாந்தேஞாவோட சமாதி, வெண்கல மார்பளவுச் சிலை முறைச்சுப் பார்க்கும். நிழலா இருக்கும், பெஞ்சு இருக்கும். அம்மாவை அங்க உக்கார வச்சுட்டு நீங்க பக்கத்துல எர்பே சதுக்கத்துல பள்ளத்துல இருக்கற வட்டக் கோயிலைப் பார்த்துட்டு வந்துடலாம். 11ஆம் நூற்றாண்டுக் கட்டடம். சுத்திலும் வீடுகள் மூடி மறைச்சு, கோயில் இருந்ததே மறந்து போய், 20ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துலதான் மறுபடி வெளியே வந்துச்சு.

#17 வெயில்காலம்

முன்பதிவு பண்ணிட்டேன்! புதன்கிழமை. (திங்கள் இல்ல, ஊர்சுற்றி சார் புண்ணியம்.) கடைசிக் கேள்வி: ஏரியைக் கிட்ட இருந்து பார்க்க என்ன வழி?

#18 மதகடி

இரண்டு வழி. மாலையில் சான் ஜோர்ஜோ பாலத்தைத் தாண்டி எதிர்க்கரைக்குப் போய்த் திரும்பிப் பாருங்கள். கோட்டை, குவிமாடம், கோபுரம் எல்லாம் வரிசையாகத் தண்ணீரில் தெரியும். சூரியன் ஊருக்குப் பின்னால் இறங்கும். நீங்கள் படத்தில் பார்த்தது அந்தக் காட்சியாகத்தான் இருக்கும்.

இன்னொன்று படகு. ஜூலை, ஆகஸ்டில் மேல் ஏரியில் தாமரை பூக்கும். நம் செந்தாமரையேதான். 1921இல் கொண்டுவந்து நட்டார்கள், இன்று ஆண்டுதோறும் வெட்டிக் குறைக்க வேண்டிய அளவுக்குப் பரவிவிட்டது. படகுக்காரர்கள் அதற்குள் ஓட்டிக்கொண்டு போவார்கள். கொசுவுக்குக் களிம்பு அவசியம், ஊர்சுற்றி சொன்னதில் அது மட்டும் முழு உண்மை.

நேரம் இருந்தால் மேல் ஏரியின் மேற்குக் கரையில் கிராத்சியே என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே மாதா கோயில் கூரையிலிருந்து பாடம் செய்த முதலை ஒன்று சங்கிலியில் தொங்கும். 1399 கொள்ளைநோய் நீங்க வேண்டிக்கொண்டு பிரான்செஸ்கோ கொன்சாகா கட்டிய கோயில். ஆகஸ்ட் 15ஐ ஒட்டி வாசல் தரையில் சுண்ணக்கட்டியால் ஓவியம் போடுகிறவர்கள் கூடுவார்கள், 1973 முதல் நடக்கிறது. மழை வந்தால் கரைந்து போகும் ஓவியம். கோலம் போட்டுப் பழகிய கைக்கு அந்தக் கவலை புரியும். நீங்கள் போகும் தேதிக்கு அது இருக்காது, தகவலுக்குச் சொன்னேன்.

#19 ஊர்சுற்றி72

முதலையா? நான் போனப்ப இதெல்லாம் யாரும் சொல்லலையே.

#20 வெயில்காலம்

போயிட்டு வந்தாச்சு. கடன் தீர்க்க வேண்டியதால விவரமா எழுதறேன்.

ரயில் கரை மேல வந்தப்ப அம்மா "என்னடி, ரெண்டு பக்கமும் தண்ணி"ன்னு கண்ணாடியில மூக்கை ஒட்டி வச்சுக்கிட்டாங்க. மதகடி ஐயா சொன்னதை நான் சொல்ல ஆரம்பிச்சேன், மேல் ஏரி, நடு ஏரின்னு. "அப்போ கலிங்கு எங்க இருக்கு?"ன்னு கேட்டாங்க. தெரியல. இந்த இழையில கேட்டுச் சொல்றேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்.

கமெரா பிக்தாவுல எங்களோட கொஞ்சம் பேர்தான். எல்லாரும் கூரையைப் பார்க்க, அம்மா மட்டும் குடும்பத்துச் சுவரைப் பார்த்துக்கிட்டே நின்னாங்க. லுதோவிகோ கையில இருக்கற கடிதத்தைக் காட்டி "நல்ல சேதி இல்ல போல, அந்தப் பொம்பளை முகத்தைப் பாரு"ன்னாங்க. அப்புறம் நான்தான் தலையை நிமிர்த்தச் சொன்னேன். செடித்தொட்டியைப் பார்த்ததும் சட்டுனு ரெண்டு அடி தள்ளி நின்னாங்க. நான் சிரிச்சேன். அவங்க சிரிக்கல. "550 வருஷமா விழலைன்னா இன்னிக்கு விழாதுன்னு என்ன நிச்சயம்?" இலைக்குள்ள இருக்கற ஓவியர் முகத்தைத் தேடிட்டு இருக்கும்போதே நேரம் முடிஞ்சு வெளியே அனுப்பிட்டாங்க. வீட்டுக்காரர் கண்டுபிடிச்சிட்டேன்னு சொல்றார், காட்டச் சொன்னா காட்டல.

அதுக்கப்புறம் அரண்மனையில அம்மாவுக்கு முட்டி மக்கர் பண்ண ஆரம்பிச்சது. பழையநாணயம் சொன்னது சரி, காலி அறைகள் நீண்டுக்கிட்டே போகுது. ரூபென்ஸ் படம் வரைக்கும் போனோம். வெட்டு விழுந்த கோடு தெரியுது. அதோட திரும்பிட்டோம். பிசனெல்லோவைப் பார்க்கல, அது மனசுல உறுத்திக்கிட்டே இருக்கு.

சாப்பாட்டுல ஒரு சறுக்கல். முதல்ல நுழைஞ்ச உணவகத்துல "கார்னே இல்லை"ன்னு ரெண்டு தடவை சொல்லியும் பாஸ்தா மேல இறைச்சித் தூள் தூவி வந்துச்சு. திருப்பி அனுப்பினா முகத்தைச் சுளிச்சுக்கிட்டு, மேல இருந்ததை வழிச்சு எடுத்துட்டு அதே தட்டையே கொண்டு வந்து வச்சாங்க. எழுந்து வந்துட்டோம். ரெண்டு தெரு தள்ளி ஒரு சின்னக் கடையில வெண்ணெயும் சேஜும் போட்ட தோர்த்தெல்லி கிடைச்சது. அம்மா "பரங்கிக்காய் போளி"ன்னு பேரு வச்சு ரெண்டாவது தட்டு கேட்டாங்க. சீஸ் உறை பத்தி நான் வாயைத் திறக்கல.

மத்தியானம் சாந்த் ஆந்திரேயாவுல முக்கால் மணி நேரம் அம்மா உக்காந்தாங்க, பாதி நேரம் தூக்கம். அப்புறம் டாக்சி பிடிச்சு பலாட்சோ தே.

ராட்சதர் அறையில கூட்டமே இல்ல. எங்கேயோ படிச்சேன், அந்த அறையில ஒரு மூலையில முணுமுணுத்தா எதிர் மூலையில கேக்கும்னு. அம்மாவை ஒரு மூலையில நிறுத்திட்டு நான் எதிர் மூலைக்குப் போனேன். சுவரைப் பார்த்து மெதுவா "முட்டி எப்படி இருக்கு?"ன்னேன். அந்தப் பக்கத்திலிருந்து, பக்கத்துல நின்னு காதுல சொல்ற மாதிரி, "வலிக்குது, ஆனா உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லாத, அடுத்த இடத்துக்குக் கூட்டிட்டுப் போக மாட்டார்"னு வந்துச்சு. நடுவுல நின்ன அவருக்கு எதுவும் கேக்கல.

படகு கடைசி. தாமரைக்கு நடுவுல போனப்ப வீட்டுக்காரர் "ஆயிரக்கணக்கான மைல் வந்து நம்ம ஊர்க் குளத்தைப் பார்க்கறோம்"னார். ஆனா அன்னிக்கு அவர் போன்ல எடுத்த படத்துல பாதிக்கு மேல தாமரைதான். கார்தாவுல எடுத்தது நாலே நாலு. எதிர்க்கரைக்குப் போய் ஊரைத் திரும்பிப் பார்க்கற திட்டம் நடக்கல, ரயிலுக்கு நேரமாயிடுச்சு. நான் ஆசைப்பட்டுக் கிளம்பினதே அந்தக் காட்சிக்குத்தான்.

#21 மதகடி

அம்மாவுக்கு என் வணக்கம். சரியான கேள்வி கேட்டிருக்கிறார். மேல் ஏரியின் உபரி நீர் அந்த ஆலைப் பாலத்துக் கரையில் உள்ள மதகு வழியாகத்தான் நடு ஏரிக்கு இறங்குகிறது. ரயிலில் போகும்போது சக்கரத்துக்கு அடியிலேயே இருந்திருக்கும், அதனால்தான் தெரியவில்லை.

#22 சுண்ணச்சுவர்

ஓவியர் முகம்: கார்டினல் மகனைச் சந்திக்கிற சுவர். அந்தப் பக்கத்துத் தூணின் இலைகளைத் தேடுங்கள். வீட்டுக்காரர் எதைப் பார்த்தார் என்று கேட்டுச் சொல்லுங்கள்.

#23 வெயில்காலம்

கேட்டேன். நாயைத்தான் பார்த்திருக்கார்.

#24 ஊர்சுற்றி72

செப்டம்பர்ல எனக்கு மிலான்ல வேலை இருக்கு. அந்த மாசம் அங்க ஏதோ இலக்கியத் திருவிழான்னாங்களே, அறை கிடைக்குமா?

#25 ரயில்வண்டி

ஃபெஸ்திவால் லெத்தெராத்தூரா, 1997லிருந்து செப்டம்பர்ல நடக்குது. அந்த நாட்கள்ல ஊர் நிரம்பிடும், இப்பவே போட்டுடுங்க. இல்லன்னா வெரோனாவில தங்கிட்டு காலையில போங்க.

#26 சுண்ணச்சுவர்

செவ்வாய்க்கிழமை சார். செவ்வாய்.